மின்முனையின் மேற்பரப்பைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மூளைக்குள் பதிக்கும் சிப்புகளைப் பற்றி உங்கள் ஞாயிறு அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை, கேப் டவுனில் ரைலண்ட்ஸ் பகுதியில் குடியிருக்கும் நாங்கள் சில தமிழ்க் குடும்பங்கள் வாட்ஸ்அப்பில் பகிர்ந்து படித்தோம். ஒரு பக்கம் முழுவதையும் அறிவியலுக்கு ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்தக் கட்டுரை முக்கியமான ஒன்றைத் தொடாமலே முடிந்துவிட்டது. நான் இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மின்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறேன். படித்தது காரைக்குடியில். விடுபட்ட விஷயம் என் துறைக்குள் வருவதால் சும்மா இருக்க மனம் வரவில்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு முதலில் என்னிடம் வந்தவர் பக்கத்து வீட்டுத் தம்பி. மதுரைக்காரர், இங்கே மென்பொருள் வேலை. அவருடைய மகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் (செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிக் கேட்க வைக்கும் கருவி) வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தை இப்போது கோயில் தமிழ் வகுப்பில் ஆத்திசூடி சொல்கிறாள். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அக்கா, இந்தக் கம்பியெல்லாம் உள்ளே போனா எத்தனை வருஷம் தாங்கும்? அதைப் பத்தி இவ்வளவு பெரிய கட்டுரையில ஒரு வரிகூட இல்லையே?"

அவர் கேட்டது சரிதான். கம்பி எவ்வளவு மெல்லியது, கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமானது, நினைப்பதைச் செயற்கை நுண்ணறிவு எப்படி எழுத்தாக்குகிறது என்று எல்லாம் இருந்தது. கம்பியின் நுனியான மின்முனை உடலைத் தொடும் இடத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும் இல்லை. இந்தக் கருவிகள் நிலைப்பதும் வீணாவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தீர்மானமாகிறது.

அந்தக் குழந்தையின் பரிசோதனைக்கு நானும் துணைக்குப் போயிருக்கிறேன். செவித்திறன் நிபுணர் எந்த ஒலியையும் போட்டுப் பார்ப்பதற்கு முன்னால் திரையில் வரிசையாக 22 பட்டைகளைக் கொண்டுவருகிறார். காதுக்குள் இருக்கும் 22 பிளாட்டினம் மின்முனைகளுக்கு ஆளுக்கு ஒன்று. ஒவ்வொரு பட்டையும் அந்த மின்முனையின் இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டம் அங்கிருந்து உடலுக்குள் இறங்கக் காட்டும் தயக்கத்தின் அளவு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கருவியை இயக்கும் வரையிலான வாரங்களில் அந்த அளவு ஏறியிருந்தது. பிளாட்டினத்தின் மேல் புரதம் படிந்து, சுற்றிலும் திசு வளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். இயக்க ஆரம்பித்ததும் இறங்கி ஒரு நிலைக்கு வந்தது. காக்ளியர் கருவிக்கு இது பெரிய தடை இல்லை. மின்முனைகள் ஓரளவு பெரியவை, வேலையும் மின்னோட்டத்தை அனுப்புவதுதான். அதனால் பல்லாண்டுக் காலம் நன்றாகவே உழைக்கின்றன. அந்தத் தம்பி அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்.

மூளைக்குள் போகும் மின்முனையின் கதை வேறு. அதன் வேலை கேட்பது. ஒரு நரம்பணு எழுப்பும் சைகை சில பத்து மைக்ரோவோல்ட்டிலிருந்து சில நூறு மைக்ரோவோல்ட் வரைதான் இருக்கும். நரம்பணு கிட்டத்தட்ட 100 மைக்ரோமீட்டருக்குள் இருந்தால்தான் அது காதில் விழும். கம்பி உள்ளே போன சில நொடிகளிலேயே இரத்தத்திலும் திசுநீரிலும் உள்ள புரதங்கள் அதன்மேல் ஒட்ட ஆரம்பிக்கின்றன. அந்தப் புரதங்களை அடையாளம் கண்டு மூளையின் காவல் அணுக்களான மைக்ரோகிளியா வந்து சூழ்கின்றன. அப்புறம் நரம்பணுக்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட்டுகள். சில வாரங்களில் மின்முனையைச் சுற்றி ஒரு தழும்பு உறை உருவாகி, நரம்பணுக்களைத் தள்ளி வைத்துவிடுகிறது. போதாக்குறைக்குக் கடினம் வேறு: மூளைத் திசுவைவிடச் சிலிக்கான் சுமார் பத்துக் கோடி மடங்கு விறைப்பானது. ஒவ்வொரு மூச்சுக்கும் மூளை லேசாக அசையும்போது அந்தக் கம்பி அசையாமல் நின்று உரசுகிறது.

ஆக, கேட்க வேண்டிய கேள்வி இது: மின்னோட்டத்தை நன்றாகக் கடத்தவும் வேண்டும், புரதமும் ஒட்டக் கூடாது. இரண்டையும் ஒரே மேற்பரப்பில் எப்படிக் கொண்டுவருவது? இதற்கு வேதியியலாளர்கள் கண்ட வழிகளில் என் மனதுக்கு நெருக்கமானது, கடத்தும் பாலிமரின் மேல் பாலிமர் பிரஷ்களை வளர்ப்பது.

இதில் இரண்டு தனித்தனி ஆறுகள் வந்து கலக்கின்றன. ஒன்று, மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக். ஷிராகவா, மெக்டயர்மிட், ஹீகர் மூவரும் பாலிஅசெட்டிலீன் படலத்தை அயோடின் போன்ற ஹாலஜன்களில் காட்டி அதன் கடத்துதிறனைப் பல லட்சம் மடங்கு கூட்டியது 1977இல். 2000இல் வேதியியல் நோபல் அவர்களுக்குப் போனது. மற்றொன்று, ஒரு பரப்பில் ஒரு முனை மட்டும் கட்டப்பட்ட நீண்ட மூலக்கூறுகள் நெருக்கமாக நின்றால் எப்படி நடந்துகொள்ளும் என்ற கோட்பாடு. சங்கிலிகள் தனியாக இருந்தால் சுருண்டு கிடக்கும். நெருக்கினால் பக்கத்தில் இடம் இல்லாமல் பரப்பிலிருந்து வெளிப்பக்கமாக நீண்டு தூரிகை மயிர் போல நிமிர்ந்து நிற்கும். அதைத்தான் பிரஷ் என்கிறோம். அதற்கு அடித்தளமான கணக்கை இஸ்ரேலிய இயற்பியலாளர் ஷ்லோமோ அலெக்சாண்டர் வெளியிட்டதும் அதே 1977இல்தான். கொஞ்ச காலத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் அதை விரித்து எழுதினார். இரண்டு ஆறுகளும் சந்திக்கப் பல வருடங்கள் ஆயின.

இன்று மருத்துவ மின்முனைகளில் அதிகம் புழங்கும் கடத்தும் பாலிமரின் பெயர் பெடாட். 1980களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் பேயர் நிறுவன ஆய்வகத்தில் பிறந்தது. பிளாட்டினம் அல்லது தங்கத்தின் மேல் இதைப் பூசினால் இம்பீடன்ஸ் பத்து மடங்கு, சில சமயம் நூறு மடங்குகூடக் குறைகிறது. உங்கள் கட்டுரை புகழ்ந்த நியூராலிங்க் நிறுவனமே 2019இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில், தன் மின்முனைகளின் மேல் பெடாட் பூச்சையும் இரிடியம் ஆக்சைடு பூச்சையும் பயன்படுத்தியதாகச் சொல்லியிருக்கிறது. கட்டுரையில் இதற்கும் ஒரு வரி கொடுத்திருக்கலாம்.

ஆனால் பெடாட் மட்டும் இருந்தால் புரதம் வந்து ஒட்டத்தான் செய்யும். அங்கேதான் பிரஷ் வேண்டும்.

ஏற்கெனவே தயாரான பாலிமர் சங்கிலிகளைக் கொண்டுவந்து பரப்பில் ஒட்டலாமே என்று கேட்கலாம். அப்படியும் செய்கிறார்கள். ஆனால் நம் ஊர் டவுன் பஸ்ஸில் முதலில் ஏறியவர்கள் படிக்கட்டிலேயே நின்றுகொண்டு, உள்ளே இடம் இருந்தும் மற்றவர்களை ஏறவிடாமல் செய்வதைப் போல, முதலில் வந்து ஒட்டிய சுருண்ட சங்கிலிகள் பின்னால் வருபவற்றுக்கு வழியை அடைத்துவிடும். நெருக்கம் கிடைக்காது. அதனால் பரப்பிலேயே தொடக்கப் புள்ளிகளை வைத்து, அங்கிருந்து சங்கிலியின் கண்ணியான மோனோமரை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சங்கிலியை வளர்க்கிறோம். மோனோமர் சின்ன மூலக்கூறு, எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும். மூன்று நான்கு சதுர நானோமீட்டருக்கு ஒரு சங்கிலி என்ற அளவுக்கு நெருக்கம் வரும்.

எங்கள் ஆய்வகத்தில் இதைக் கையால் செய்பவள் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருந்து வந்த முதுகலை மாணவி. 1860இல் தொடங்கி நட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் வழிவந்த குடும்பம். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, வீட்டில் ஆயாவிடம் கேட்ட சில சொற்கள்தான். உங்கள் கட்டுரையை அவளுக்கு நான்தான் படித்து விளக்கினேன்.

அவள் வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். பெடாட்டின் மோனோமர் ஈடாட். அதில் ஒரு ஆல்கஹால் கை கொண்ட வகை கடையிலேயே கிடைக்கிறது. அந்தக் கையில் புரோமின் உள்ள ஒரு சிறு துணுக்கைக் கட்டிவிட்டால், அதுதான் பின்னால் பிரஷ் முளைக்கப்போகும் இடம். இந்த மோனோமரையும் சாதாரண ஈடாட்டையும் கலந்து, மின்வேதிக் கலத்தில் ஐடிஓ என்ற மின்சாரம் கடத்தும் ஒளிபுகும் பூச்சுள்ள கண்ணாடித் துண்டை இறக்கி, ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலே வைத்தால் கண் முன்னாலேயே கண்ணாடியில் நீலம் ஏறும். அதிக நேரம் விட்டால் கறுப்பாகிவிடும். எங்களுக்கு வேண்டியது வெளிர் வானநீலம். மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2022, 2023 காலத்தில் பாதிப் படலம் வளரும்போது கரண்ட் போய், திட்டுத் திட்டாக நின்ற கண்ணாடிகளை மனம் நொந்து ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

சங்கிலியை வளர்க்கும் அடுத்த கட்டத்துக்குப் பெயர் ஏடிஆர்பி (Atom Transfer Radical Polymerization). 1995இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் மாத்யஷெவ்ஸ்கியும், ஜப்பானில் சவமோட்டோவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறை. ஒற்றை மின்னேற்றம் கொண்ட தாமிரம் சங்கிலி நுனியில் இருக்கும் புரோமினை எடுத்துக்கொள்ளும். நுனி விழித்துக்கொண்டு சில மோனோமர்களைச் சேர்த்துக்கொள்ளும். உடனே புரோமின் திரும்பி வந்து அதைத் தூங்க வைக்கும். எந்த நேரத்திலும் பெரும்பாலான சங்கிலிகள் தூங்கிக்கொண்டிருப்பதால் ஒன்றோடொன்று மோதி வளர்ச்சி நின்றுபோவது குறைவு. எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நீளத்துக்கு வளரும்.

இதில் எதிரி ஆக்சிஜன். தாமிரத்தை, அதைக் கரைசலில் பிடித்து வைக்கும் பைபிரிடின் என்ற சேர்மத்தோடு கலந்தால் கரைசல் அடர்ந்த சிவப்புப் பழுப்பாக இருக்கும். துளி காற்று புகுந்தாலும் விளிம்பில் பச்சை எட்டிப்பார்க்கும். அந்தப் பச்சை வராமல் பார்த்துக்கொள்வதற்காகவே நைட்ரஜன் குமிழிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது வைட்டமின் சி என்று எல்லோரும் அறிந்த அஸ்கார்பிக் அமிலத்தைச் சேர்த்து, பச்சையான தாமிரத்தைத் திரும்பத் திரும்ப மீட்டு, மிகக் குறைந்த தாமிரத்தில் வேலையை முடிக்கும் வழியும் உண்டு. வசதி குறைந்த ஆய்வகங்களுக்கு அது பெரிய உதவி. 2011இல் மாத்யஷெவ்ஸ்கி குழு மின்னழுத்தத்தாலேயே இந்த வினையை முடுக்கவும் நிறுத்தவும் முடியும் என்று காட்டியது. எங்களைப் போல மின்வேதியியலில் ஊறியவர்களுக்கு அது சொந்த வீட்டு விருந்து.

வினை முடிந்து கண்ணாடியைக் கழுவும்போது தாமிரத்தின் கடைசித் தடயம் வரை நீக்க வேண்டும். உயிரணுக்களுக்கு அது நஞ்சு. கழுவி முடித்து அந்த மாணவி ஒரு சொட்டு நீரை விடுவாள். வெறும் பெடாட்டின் மேல் சொட்டு குவிந்து நிற்கும். பிரஷ் வளர்ந்த இடத்தில் விழுந்த மாத்திரத்தில் அகலமாகப் பரந்து, ஈரம் மட்டும் தெரியும். அவள் வளர்ப்பது சல்ஃபோபீட்டைன் வகை. ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு நேர் மின்னேற்றமும் ஒரு எதிர் மின்னேற்றமும் இருக்கும், மொத்தத்தில் பூஜ்யம். இந்த மின்னேற்றங்கள் நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. புரதம் ஒட்ட வேண்டுமானால் முதலில் அந்த நீரை விலக்க வேண்டும், அதற்கான ஆற்றல் செலவு கட்டுப்படியாகாது. உலர்ந்த நிலையில் இந்தப் பிரஷின் உயரம் சில பத்து நானோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 80,000 நானோமீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

வெப்பநிலை 32 டிகிரியைத் தாண்டினால் சுருங்கிக்கொள்ளும் பிரஷ், அமிலத்தன்மைக்கு ஏற்ப விரியும் பிரஷ் எல்லாம் உண்டு. அவை தனிக் கடிதம்.

இதையெல்லாம் சொல்வது, அடுத்த வாரம் "தழும்பே வராத மூளை சிப்" என்று தலைப்புப் போடுவதற்காக அல்ல. அப்படித் தலைப்பு வந்தால் வருத்தப்படுவேன். சிக்கல்கள் நிறைய. பிரஷ் தடித்தால் மின்முனைக்கும் நரம்பணுவுக்கும் நடுவே அதுவே ஒரு தடையாகிவிடும். மெல்லியதாக இருந்தால் நீரில் ஊறி அயனிகளை உள்ளே விடும், ஆனால் புரதம் இடைவெளியில் நுழையும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான உயரத்தைப் பிடிப்பதுதான் உண்மையான வேலை. இன்னொன்று, தாமிரமும் அஸ்கார்பிக் அமிலமும் பெடாட்டின் மின்னேற்றத்தைக் குறைத்துவிடக் கூடியவை. வெளிர் நீலம் அடர் நீலமானால் படலம் கடத்துதிறனை இழந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். மறுபடி மின்னழுத்தம் கொடுத்து மீட்க வேண்டும். சங்கிலியைப் பரப்போடு இணைக்கும் எஸ்டர் பிணைப்பு உடலின் ஈரத்தில் மெல்ல மெல்ல அறுந்துபோகலாம். பெடாட் படலமே உலோகத்திலிருந்து உரிந்து வந்துவிடலாம். கிருமிநீக்கத்தைத் தாங்குமா என்பது இன்னொரு சோதனை. கண்ணாடியின் மேல் ஒரு வாரம் புரதம் ஒட்டவில்லை என்பதற்கும், உயிருள்ள மூளைக்குள் பத்து வருடம் என்பதற்கும் நடுவே உள்ள தூரம் மிகப் பெரியது. விறைப்புச் சிக்கலையும் பிரஷ் தனியாகத் தீர்க்காது, கம்பியையே மென்மையாக்க வேண்டும்.

நான் இருக்கும் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது குரூட் ஸ்கூர் மருத்துவமனை. 1967 டிசம்பர் 3ஆம் தேதி கிறிஸ்டியான் பர்னார்ட் தலைமையில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவை சிகிச்சை நடந்த இடம். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அறுவை மருத்துவரின் கைகளைப் பற்றி எழுதின. இதயத்தைப் பெற்ற லூயி வாஷ்கான்ஸ்கி 18 நாட்கள் வாழ்ந்தார். புது இதயம் நன்றாகத்தான் துடித்தது. உடல் அதை நிராகரிக்காமல் இருக்கக் கொடுத்த மருந்துகள் நோய் எதிர்ப்பைக் குறைத்துவிட, நிமோனியாவில் இறந்தார். இதய மாற்று சாதாரண சிகிச்சையாக நிலைபெற்றது 1980களில் நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து வந்த பிறகு. மூளை மின்முனையில் நடப்பது வேறு வகை எதிர்ப்பு என்பது எனக்குத் தெரியும். ஆனால் எழுதுபவர்களின் பார்வை எங்கே போகிறது, தீர்மானிக்கும் விஷயம் எங்கே இருக்கிறது என்பதில் அன்று நடந்ததே இன்றும் நடக்கிறது.

இன்னொரு காரணத்துக்காகவும் இந்தக் கடிதம். உங்கள் நாளிதழைப் படிப்பவர்களில் எத்தனையோ பேர் தமிழ்நாட்டின் சின்ன ஊர்க் கல்லூரிகளில் வேதியியல் படிக்கிறவர்கள். பெரிய அறிவியல் என்றால் பெரிய நிறுவனம், பல கோடி ரூபாய், அமெரிக்கா என்ற எண்ணத்தை இப்படிப்பட்ட கட்டுரைகள் அவர்கள் மனதில் விதைக்கின்றன. மேற்பரப்பு வேதியியலுக்கு அது பொருந்தாது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டென்ஷியோஸ்டாட் கருவி ஒன்று, நைட்ரஜன் சிலிண்டர், சுத்தமான கண்ணாடிப் பாத்திரங்கள், பொறுமை இருந்தால் படலத்தை வளர்த்து, சொட்டு நீர் விட்டு, இம்பீடன்ஸ் அளந்து பார்ப்பது வரை செய்யலாம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. கடத்தும் பாலிமர்களில் அங்கே நீண்ட காலமாக வேலை நடக்கிறது. ஒரு நிருபரை அங்கே அனுப்ப விமானச் செலவுகூட இல்லை. சென்னையிலிருந்து ராத்திரி ரயில் ஏறினால் காலையில் காரைக்குடி.

அடுத்த முறை உடலுக்குள் வைக்கும் கருவியைப் பற்றி எழுதும்போது உங்கள் செய்தியாளர் ஆய்வாளரிடம் இவற்றைக் கேட்கட்டும்: மின்முனையின் மேல் என்ன பூச்சு? முதல் நாள் இம்பீடன்ஸ் என்ன, ஆறாம் மாதம் என்ன? வெளியே எடுத்துப் பார்த்தபோது அதன்மேல் என்ன ஒட்டியிருந்தது? கிடைக்கும் பதிலை அப்படியே அச்சிடுங்கள், பதில் இல்லை என்றால் அதையும் அச்சிடுங்கள். பக்கத்து வீட்டுத் தம்பியைப் போன்ற பெற்றோர்கள் அதைத்தான் தேடிப் படிக்கிறார்கள்.

உங்கள் பக்கத்தில் இதற்கு இடம் கொடுத்தால், பிரஷ் வளர்ந்த கண்ணாடியிலும் வளராத கண்ணாடியிலும் நீர்ச்சொட்டு எப்படி விழுகிறது என்பதைப் படம் எடுத்து விளக்கத்தோடு அனுப்பி வைக்கிறேன். மாணவியும் சம்மதித்திருக்கிறாள்.

இப்படிக்கு,
மின்வேதியியல் ஆசிரியை ஒருவர்,
ரைலண்ட்ஸ், கேப் டவுன்,
தென்னாப்பிரிக்கா